மூக்கைட் ஜாஸ்பர்: கடல் செய்த கல்லை அறிந்து, சோதித்து, வெட்டி, அணிய ஒரு முழுமையான வழிகாட்டி

நல்லூர்த் திருவிழாவுக்கு ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து வந்த அக்கா பெட்டியைத் திறந்தபோது, சொக்கலேட்டுப் பைகளுக்கும் அத்தானின் மருந்துகளுக்கும் நடுவில் பழைய துவாய் ஒன்றில் சுற்றிய ஐந்தாறு கல்லுகள் இருந்தன. முப்பது கிலோவுக்குள் பெட்டியை அடக்கவேண்டிய அவதியில் கல்லைக் காவிக்கொண்டு வருவார்களா!

"உதென்னக்கா, இஞ்ச கல்லுக்கோ பஞ்சம்?" என்றேன்.

"விசரா, இது மூக்கைட். தண்ணியில நனைச்சுப் பார்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தா. "மூக்குத்திக்கு வைக்கிற கல்லோ பிள்ளை?"

மூக்குத்திக்கும் மூக்கைட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீருக்குள் போட்டதும், வெளிறிக் கிடந்த அந்தக் கல்லுகள் பழுத்த நாவற்பழ நிறத்திலும் கடுகு மஞ்சளிலும் பால் வெள்ளையிலும் விழித்துக்கொண்டன. அன்று தொடங்கிய பைத்தியம். படித்தவை, பிழைவிட்டவை, கைப்பட அறிந்தவை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்களும், இணையத்தில் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கப்போகிறவர்களும் இதைப் படித்துவிட்டு இறங்கலாம்.

முதற்படி: கையில் இருப்பது என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள்

ஜாஸ்பர் என்பது தனி ஒரு கனிமம் அல்ல. குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பளிங்குகளாக நெருங்கி இறுகியது. அதற்குள் இரும்பு ஒட்சைட்டு, களி போன்ற வேற்றுப் பொருட்கள் கலந்து ஒளி ஊடுருவாதபடி ஆக்கியது. இதே குடும்பத்தில் ஒளி கசியும் பிள்ளைகளும் உண்டு: அகேட், சூதுபவளம். யாழ்ப்பாணத்துக் கந்தரோடை அகழ்வுகளில் கிடைத்த சூதுபவள மணிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை ஜாஸ்பருக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தமிழ்நாட்டுக் கொடுமணலில் மணி செய்த பட்டறைத் தடயங்களோடு சூதுபவளம், அகேட் என்பவற்றோடு ஜாஸ்பரும் கிடைத்திருக்கிறது. ஆகவே இந்தக் கல் தமிழருக்குப் புதிதல்ல, நாங்கள்தான் மறந்துவிட்டோம். தமிழ் வேதாகமத்தில் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில், ஆசாரியனின் மார்ப்பதக்கத்தின் கடைசிக் கல்லாக வரும் 'யஸ்பி' என்ற சொல்லும் ஜாஸ்பர் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை.

மூக்கைட் ஜாஸ்பருக்குள் ஒரு வகை. ஊர் மேற்கு ஆஸ்திரேலியா. பேர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 900 கிலோமீற்றர் போனால் கார்னார்வன் என்ற கரையோர ஊர். அங்கிருந்து கிழக்கே உள்நாட்டுக்குள் திரும்பினால் காஸ்கோயின் ஆற்றுப் பகுதி, கென்னடி மலைத்தொடர். அந்த மலையின் மேற்குப் பக்கத்தில் மூக்கா என்ற பெரிய கால்நடைப் பண்ணையும் மூக்கா என்ற ஓடையும் இருக்கின்றன. கல்லுக்குப் பெயர் அங்கேதான் பிறந்தது. ஓடும் நீர் என்று அந்தப் பழங்குடிச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள்.

அந்தக் கல்லைப் பெற்ற பாறைக்குப் புவியியலார் வைத்த பெயர் விண்டாலியா ரேடியோலரைட். ரேடியோலேரியா என்பவை கடலில் மிதக்கும் ஒற்றைக் கல உயிர்கள். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் பின்னல் வேலை செய்த கூடொன்றைக் கட்டிக்கொள்கிறது. செத்ததும் கூடு கடலடியில் படியும். கிறித்தேசியஸ் காலத்தின் முற்பகுதியில், 11 கோடி ஆண்டுகள் அளவுக்கு முன்னர், மேற்கு ஆஸ்திரேலியாவின் இந்தப் பகுதி ஆழமற்ற கடலின் கீழ் இருந்தது. கோடிக்கணக்கான கூடுகள் சேறாகப் படிந்தன. பிறகு அந்தச் சிலிக்கா மெல்லக் கரைந்து, மறுபடி படிந்து, முதலில் ஓப்பல் மாதிரியும் காலப்போக்கில் நுண்குவார்ட்ஸாகவும் இறுகியது. கடல் பின்வாங்கிய பின் இரும்பைக் கரைத்துக்கொண்டு வந்த நிலத்தடி நீர் அதற்குள் ஊறி நிறம் ஏற்றியது. சில துண்டுகளில் அக்காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன, கணவாய்க்கு உறவான அம்மோனைட், பெலெம்னைட் என்ற கடலுயிர்ப் புதைபடிவங்களின் அச்சும் தென்படுகிறது. அப்படியொன்று கிடைத்தால் வெட்டாதீர்கள், அப்படியே வையுங்கள்.

இதைப் படித்தபோது நான் எழும்பிப்போய் எங்கள் வீட்டு மதிலைத் தொட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க நிற்பது மயோசின் காலச் சுண்ணக்கல்லின் மேல். அதுவும் கடலுயிர்கள் விட்டுப்போன ஓடுகளின் குவியல்தான். ஒரு வித்தியாசம்: எங்கள் உயிர்கள் சுண்ணாம்பால் வீடு கட்டின, அங்கே இருந்தவை சிலிக்காவால் கட்டின. அந்த ஒரு வித்தியாசத்தால் இந்தக் கல்லைக் கீறினால் தூள் கொட்டுகிறது; அந்தக் கல்லைக் கீறினால் கத்திதான் தேய்கிறது. கீழே வரும் சோதனைகளுக்கெல்லாம் உங்கள் வளவில் கிடக்கும் ஒரு சுண்ணக்கல் துண்டை ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

(இடையில் ஒன்று. 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அளவில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை விட்டுப் பிரியத் தொடங்கிய நிலத்துண்டு எது தெரியுமா? இந்தியா, இலங்கையையும் தன்னோடு கூட்டிக்கொண்டு. அக்காவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நான் வெளிநாடு போகேல்லை, பக்கத்து வளவுக்குத்தான் போயிருக்கிறன்" என்றா.)

இரண்டாம் படி: நிறத்தைப் படியுங்கள்

மூக்கைட்டின் நிறங்கள் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்கின்றன. கருஞ்சிவப்பு, செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், தேன் நிறம், பால் வெள்ளை, இளம் ரோசா, மங்கிய ஊதா. சிவப்பைக் கொடுப்பது ஹேமடைட், மஞ்சளையும் மண்ணிறத்தையும் கொடுப்பது கோதைட். இரண்டுமே இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமங்கள். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் இதே ஹேமடைட்தான்.

பளிச்சென்ற நீலமோ கிளிப்பச்சையோ மூக்கைட்டில் கிடையாது. அப்படியொன்றை மூக்கைட் என்று எவராவது நீட்டினால், அது சாயம் போட்டதாகவோ வேறு கல்லாகவோ இருக்கும். வாங்க வேண்டாம்.

கோலத்தைப் பொறுத்தவரை, நிறங்கள் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். நல்ல துண்டில் கருஞ்சிவப்பும் மஞ்சளும் மோதுமிடம் கத்தியால் வெட்டினாற்போலவோ புகை கலந்தாற்போலவோ இருக்கும். இரண்டும் ஒரே கல்லில் வருவதும் உண்டு. உடைந்து மறுபடி சிலிக்காவால் ஒட்டிய துண்டுகளில் வரைபடம் போல் கோடுகள் ஓடும். என் கண்ணுக்கு அவைதான் அழகு. ஒரே நிறத்துச் சிவப்புத் துண்டுக்கு வியாபாரத்தில் மதிப்புக் குறைவு, மூன்று நிறம் ஒன்றாய் நிற்கும் துண்டுக்குக் கூட.

மூன்றாம் படி: சமையலறையில் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். 'ஜாஸ்பர்' என்ற பெயர் சந்தையில் மிகவும் மலிந்துபோன பெயர். கறுப்புப் புள்ளி போட்ட 'டல்மேஷன் ஜாஸ்பர்' ஜாஸ்பரே அல்ல, மெக்சிகோவிலிருந்து வரும் எரிமலைக் குடும்பப் பாறை. மஞ்சளும் கறுப்பும் வரிவரியாய் வரும் 'பம்பிள்பீ ஜாஸ்பர்' இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் எரிமலையடியில் உண்டான சுண்ணாம்பு வகைக் கல். அதற்குள் கந்தகமும் ஆர்செனிக்கும் உண்டு. அதைத் தெரியாமல் அரைத்துத் தூளைச் சுவாசிப்பது விளையாட்டல்ல.

கீறல் சோதனை: சாதாரணக் கத்தியின் நுனியால் கல்லின் கீழ்ப்பக்கத்தில் அழுத்தி ஒரு கோடு போடுங்கள். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவையில் ஜாஸ்பர் 6.5 முதல் 7, கத்தி 5.5 அளவில். ஆகவே கல்லில் கீறல் விழாது, கத்தியின் உலோகம்தான் சாம்பல் நிறக் கோடாகப் படியும். விரலால் துடைத்தால் அழியும். அதைக் கீறலென்று நினைத்து ஏமாறாதீர்கள். அதே கத்தியால் சுண்ணக்கல்லைக் கீறுங்கள். கடினம் 3தான், வெள்ளைத் தூள் உதிரும். பிறகு ஜாஸ்பரின் கூர் விளிம்பால் ஒரு பழைய போத்தலைக் கீறுங்கள். கண்ணாடியில் கோடு விழவேண்டும்.

வினாகிரிச் சோதனை: கல்லின் மறைவான மூலையில் ஒரு துளி வினாகிரி. இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளி. ஜாஸ்பர் சும்மா இருக்கும். சுண்ணக்கல்லைச் சற்றுச் சுரண்டித் தூளாக்கி அதே துளியை விட்டால் நுரைத்துக்கொண்டு வரும். பம்பிள்பீயைக் காட்டிக் கொடுப்பதும் இந்த நுரைதான்.

சாரடர்த்திச் சோதனை, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று பார்ப்பது: பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீசைப் படித்ததன் பயன் இன்றைக்குத்தான். கேக் போட மா நிறுக்கும் மின்தராசு போதும். முதலில் கல்லை நிறுங்கள். என்னுடைய துண்டு 91 கிராம். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தண்ணீருக்குள் முழுதாக இறக்கிப் பிடியுங்கள். தராசு காட்டியது 35, அது கல் விலக்கிய தண்ணீரின் கனம். 91ஐ 35ஆல் வகுத்தால் 2.6. ஜாஸ்பருக்கு இதுதான் கணக்கு. பிளாஸ்டிக், ரெசின் வகைகள் 1.1, 1.3 என்று கீழே நிற்கும். ஆனால் கண்ணாடியும் 2.5 அளவில் வரும், சுண்ணக்கல்லும் 2.7 வரும், ஆகவே இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கண்ணாடியைப் பிடிக்க உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் முடிந்தது கதை.

சாயச் சோதனை: நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் பஞ்சை நனைத்துக் கல்லைத் துடையுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. அம்மாவுக்குச் செவ்வாய் தோஷம் என்று யாரோ சொல்லி, சில ஆண்டுகளுக்கு முன் பவள மோதிரம் ஒன்று வாங்கினோம். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். மூக்கைட் வெறி பிடித்த பிறகு ஒருநாள் அந்தக் கல்லின் பின்புறத்தை ஊசியால் உரசினேன். கீறல் விழவில்லை. பவளம் சுண்ணாம்புப் பொருள், கடினம் 3, 4தான். ஊசிக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். வினாகிரிக்கும் அசையவில்லை. பவள விலை கொடுத்து வாங்கியது சிவப்பு ஜாஸ்பர்! அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவவுக்கு அந்த மோதிரம் வேலை செய்கிறது. நவரத்தினங்களுக்குள் ஜாஸ்பருக்கு இடமில்லை என்பதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தால் போதும். கிரகத்துக்கென்று எவரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் கல்லைப் பரிசோதிப்பார்கள். நீலக்கல்லுக்கு அது அவசியம். ஜாஸ்பருக்கு பஸ் காசு நட்டம்.

நான்காம் படி: கல்லின் உள்மனதைப் பாருங்கள்

உண்மையான மூக்கைட்டிலும் நல்லது கெட்டது உண்டு. சிலிக்கா முழுமையாக இறுகிய துண்டு பீங்கான் போல மினுங்கும். அரைகுறையாய் இறுகியது சோக்குக்கட்டி போலிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு ஏறாது. இதைப் பிரிக்க ஒரு துளி தண்ணீர் போதும். வெட்டாத முகத்தில் விடுங்கள். துளி உருண்டு நின்றால் நல்ல கல். மண் குடிப்பதுபோல் உறிஞ்சினால் பால் வெள்ளையாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடுங்கள். நாளைக்கு தேங்காயெண்ணெயையும் குங்குமத்தையும் அப்படித்தான் குடிக்கும்.

அடுத்தது வெடிப்பு. கல்லை ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, வெளியே எடுத்து, துவாயால் ஒற்றி, காயும்போது கண் எடுக்காமல் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்து வெளிறிய பிறகும் மெல்லிய கரிய கோடொன்று நிற்கும் இடத்தில் வெடிப்பு இருக்கிறது. உள்ளே போன தண்ணீர் கடைசியாகத்தான் வரும். இந்தக் கோடுகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அவற்றை விலக்கித்தான் வெட்டுக்கோடு போடவேண்டும். நான் குறிக்காமல் வெட்டிய முதல் துண்டு மூன்றாய்ப் பிளந்தது.

ஐந்தாம் படி: வெட்டுதல், தேய்த்தல்

முதலில் பயமுறுத்தி விடுகிறேன். ஜாஸ்பரின் தூள் சிலிக்காத் தூள். சுவாசப்பைக்குள் போனால் வெளியே வராது. கல்லுடைப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் என்ற நோய் இதனால்தான். ஆகவே எப்போதும் ஈரத்தில் வெட்டுங்கள், ஈரத்தில் தேயுங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிள்ளைகள் நிற்கும் விறாந்தையில் இந்த வேலை வேண்டாம், கிணற்றடிப் பக்கம் போங்கள்.

இரத்தினம் வெட்டும் பொறி வீட்டில் இருக்காது. தரையோடு (டைல்) வெட்டும், தண்ணீர் சொட்டும் வைரத்தூள் வட்டு போதும். டைல் பதிக்கும் மேசன்மாரிடம் இருக்கிறது. ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்பில் தட்டையாய் ஒரு சீவல் எடுங்கள். அவசரப்பட்டு அழுத்தவேண்டாம், வட்டு தன் பாட்டில் தின்னட்டும்.

சீவலின்மேல் உங்களுக்குப் பிடித்த கோலம் எங்கே விழுகிறதென்று பார்க்க, ஒரு மட்டையில் பதக்க அளவுக்கு நீள்வட்ட ஓட்டை வெட்டி, அதைச் சீவல்மேல் நகர்த்திப் பாருங்கள். நான் பெரும்பாலும் அரை மணித்தியாலம் இதிலேயே செலவழிப்பேன். சிவப்பு கீழே இருந்து மஞ்சள் மேலே வந்தால் வெயில் விழும் நிலம் போலிருக்கும். திருப்பினால் வெறும் கறை. கண் சொல்லும் இடத்தில் பித்தளைக் கம்பி நுனியால் கோடு போடுங்கள். பேனாக் கோடு தண்ணீரில் அழிந்துவிடும்.

கோட்டைச் சுற்றி வெட்டியபின், துண்டைப் பிடித்துத் தேய்க்க ஒரு குச்சி வேண்டும். இதற்கு அரக்குதான் மருந்து. பத்தர்மார் நகைக்குப் பாவிக்கும் அதே அரக்கு. உருக்கி ஒரு தடித்த ஆணித் தலையில் வைத்து, கல்லையும் இளஞ்சூடாக்கி ஒட்டுங்கள். குளிர்ந்த கல்லில் ஒட்டினால் தேய்க்கும் நடுவில் கழன்று விழும்.

பிறகு தேய்ப்பு. வாகனங்களுக்கு வர்ணம் அடிப்பவர்கள் தண்ணீரில் தேய்க்கும் அரத்தாள் விற்கும் கடைகளில் எல்லா இலக்கமும் எடுக்கலாம்; இலக்கம் கூடக்கூட தாளின் சொரசொரப்புக் குறையும். 120இல் வடிவத்தை எடுத்து, 220, 400, 600, 1200 என்று ஏறுங்கள். அரத்தாளுக்குக் கீழே ஒரு மெல்லிய றப்பர்த் துண்டை வைத்தால் குவிந்த முதுகு ஒழுங்காய் வரும். கையால் செய்தால் ஒரு பதக்கத்துக்கு ஒரு நாள் போகும்; பொறுமையில்லாதவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள்.

ஒவ்வோர் இலக்கத்திலும் இருந்து அடுத்ததற்குப் போகுமுன் கல்லை நன்றாகக் காயவைத்துப் பாருங்கள். ஈரம் கீறலை மறைக்கும். 220இன் கீறல் ஒன்று தங்கிவிட்டால் 1200இல் அது கோபுரம் மாதிரித் தெரியும், திரும்பிப்போய்த்தான் ஆகவேண்டும். தாளை மாற்றும்போது கையையும் கல்லையும் கழுவுங்கள். பழைய மணலில் ஒரு துணிக்கை போதும், ஒரு மணித்தியால உழைப்பு வீண்.

கடைசிப் பளபளப்புக்கு சீரியம் ஒட்சைட்டுத் தூள். கண்ணாடி மினுக்குபவர்கள் வைத்திருப்பார்கள். தண்ணீரில் குழைத்துத் தோல் துண்டொன்றில் தடவி, தோல் காயும் தறுவாயில் அழுத்தித் தேயுங்கள். அந்தக் காயும் தறுவாயில்தான் பளபளப்பு திடீரென்று ஏறும். எனக்கு முதல் முறை வந்தபோது இரவு பதினொரு மணி. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டித் திட்டு வாங்கினேன்.

ஆறாம் படி: நகையாக்குதல்

யாழ்ப்பாணத்து நகைக்கடைத் தெருவான கஸ்தூரியார் வீதியில் கடை கடையாக ஏறி இறங்கியதில் அறிந்தது: பவுன் கணக்கில் சிந்திக்கும் இடத்தில் ஜாஸ்பரைக் காட்டினால் முகம் சுளிப்பார்கள். வெள்ளி வேலை செய்யும் ஒரு வயதான பத்தரைத் தேடிப் பிடியுங்கள். ஒளி ஊடுருவாத கல் என்பதால் பின்னால் திறப்பு வேண்டாம்; சுற்றிவர வெள்ளித் தகட்டால் விளிம்பு எடுத்துக் கல்லின்மேல் மடக்கினால் அழகாகவும் இருக்கும், விளிம்பும் உடையாது.

பத்தரிடம் ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொல்லுங்கள்: பற்றவைக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் கல்லை வைக்கவேண்டும். ஊதுசுவாலை பட்டால் கல் வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் நிறம் மாறும். கோதைட்டுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கிறது. 250, 300 பாகை செல்சியஸ் அளவில் அது கழன்றுபோனால் கோதைட் ஹேமடைட்டாகிவிடும். மஞ்சள் கல் சிவப்புக் கல்லாகும். இதை நம்பாமல், கழிவுத் துண்டொன்றை மணலுக்குள் புதைத்து பழைய தாச்சியில் அடுப்பேற்றினேன். நிறம் மாறியது உண்மைதான். ஆற முதல் ஆசையில் எடுத்துத் தரையில் வைத்தேன், 'டிக்' என்று இரண்டாயிற்று.

ஏழாம் படி: பராமரிப்பு

நிறம் வெயிலுக்கு மங்காது, இரும்பு ஒட்சைட்டுக்கு அந்தக் கவலை இல்லை. தூசுதான் எதிரி. எங்கள் காற்றில் பறக்கும் மணலிலும் குவார்ட்ஸ் இருக்கிறது, கடினம் கல்லுக்குச் சமம். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் பளபளப்பு போகும். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு துடையுங்கள். நீலக்கல் மோதிரத்தோடு ஒரே டப்பியில் போடாதீர்கள். அது 9, இது 7. தோற்பது எது என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக எங்கள் ஊருக்கென்றே ஒரு தொல்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கிணற்றுத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட்டால் கல்லின்மேல் வெள்ளை வட்டங்கள் விழும். கேத்திலுக்குள் படிகிறதே, அதே சுண்ணாம்புதான்: நிலத்தடிச் சுண்ணக்கல் கரைந்து வந்து ஜாஸ்பரின் தலையில் ஏறி உட்காருகிறது. கழுவிய கையோடு துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால், ஒரு பங்கு வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி எடுங்கள். வட்டம் கரையும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதே நகையில் முத்தோ பவளமோ பதித்திருந்தால் வினாகிரியைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அம்மாவின் மோதிரத்தை மட்டும் நான் பயமில்லாமல் கழுவுகிறேன்.